92 பெற்றோலுக்கு ஓர் எஞ்சின்

கடுகண்ணாவை ஏற்றத்தில், முன்னால் ஊர்ந்துகொண்டிருந்த லொறியை முந்துவதற்காக நான்காம் கியரிலேயே அக்சிலரேட்டரை அடிவரை மிதித்தபோது, பொனட்டுக்குள் யாரோ தகர டப்பாவில் கடலையைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம் எழுந்தது. பின் இருக்கையில் இருந்த மகள்கூட அதைக் கேட்டு, "என்னப்பா சத்தம்?" என்றாள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நம் கராஜ்களில் அதை "நொக் அடிக்குது" என்பார்கள்; சிலிண்டருக்குள் பெற்றோல் கலவை வேளைக்கு முன் தானாக வெடிப்பதால் வரும் தட்டல் அது. காலை எடுத்தேன், மூன்றாம் கியருக்கு இறக்கினேன், லொறியின் பின்னாலேயே மெதுவாக ஏறினேன். கண்டி போய்ச் சேரும்வரை நான் யாரோடும் அதிகம் பேசவில்லை.

அந்த எஞ்சினைக் கட்டி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதைவிட என்னை வாட்டியது, நொக் அடிக்கவே கூடாது என்பதற்காகத்தான் அதை அப்படிக் கட்டியிருந்தோம் என்பது. அமுக்க விகிதத்தை, அதாவது காற்றும் பெற்றோலும் கலந்த கலவையைப் பிஸ்டன் எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதை, கராஜ் மொழியில் சொன்னால் கொம்பிரஷனை, 9.3இலிருந்து 8.7க்கு வேண்டுமென்றே இறக்கியிருந்தோம். குறைந்த கொம்பிரஷன், சாதாரண பெற்றோல், கவலையில்லாத ஓட்டம் என்பதுதான் கணக்கு. கணக்கு எங்கே பிழைத்தது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு மாதமும் இன்னொரு தொகுதி பிஸ்டன்களும் தேவைப்பட்டன. குறைந்த கொம்பிரஷன் எஞ்சின் ஒன்றைக் கட்ட நினைக்கும் எவரும் அந்த ஏழு மாதத்தை மறுபடி செலவழிக்க வேண்டியதில்லை என்பதால், நடந்ததை முழுமையாக எழுதிவைக்கிறேன்.

வண்டி ஒரு கே.ஈ.70 கொரோலா. அதனோடு வந்த 1290 சி.சி. 4கே எஞ்சினை எடுத்துவிட்டு, லைட்ஏஸ் வான்களில் வந்த 5கே எஞ்சினைப் பொருத்தினோம். இரண்டும் ஒரே குடும்பம்; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் இரண்டிலும் 73 மில்லிமீற்றர்தான், 5கேயில் சிலிண்டரின் விட்டம் மட்டும் 75இலிருந்து 80.5 மில்லிமீற்றராகப் பெருத்து, கொள்ளளவு 1486 சி.சி. ஆகிறது. வார நாட்களில் கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போய் வரவேண்டும். விடுமுறைக்கு யாழ்ப்பாணத்து வடமராட்சியில் அம்மாவைப் பார்க்கப் போகவேண்டும். ஆண்டில் இரண்டொரு தடவை, போட்டிக்காக அனுமதி பெற்று மூடப்பட்ட பாதையில் கால் மைல், அதாவது 402 மீற்றர், ஓடிப் பார்க்கவேண்டும். இந்த மூன்றையும் ஒரே எஞ்சின் செய்யவேண்டும் என்பது என் ஆசை. டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகும் பந்தய வண்டி எனக்கு வேண்டியதில்லை. தானே ஓடிப் போய், ஓடிக் காட்டி, தானே வீடு திரும்பும் வண்டியிடம்தான் எனக்கு மதிப்பு அதிகம்.

பெற்றோலைப் பொறுத்தவரை 92 ஒக்டேன், அதாவது நொக் அடிக்காமல் தாங்கும் திறனில் 95க்குக் கீழே உள்ள ரகம், என்று நான் முடிவெடுத்ததற்கு 2022 ஆம் ஆண்டு ஒரு காரணம். அந்த ஆண்டு ஜூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கும் 95 ஒக்டேன் 550 ரூபாய்க்கும் ஏறியது, அதையடுத்து கியூ.ஆர். குறியீட்டைக் காட்டி வாரத்துக்கு அளந்து அடித்த காலம் வந்தது. வரிசையில் நின்று நின்று, எது கிடைக்கிறதோ அதை அடித்துக்கொண்டு வீடு திரும்பிய நாட்களில், 95 இல்லாமல் ஓடமாட்டாத எஞ்சின் வைத்திருப்பவரின் நிலையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஏ9 வீதியில் யாழ்ப்பாணம் போகும்போதும், பெரிய நகரங்களைத் தாண்டினால் எல்லாப் பெற்றோல் செட்டிலும் 95 இருக்கும் என்று நம்பி இறங்க முடியாது. 92 எங்கும் உண்டு. ஆகவே எஞ்சின் அதற்கு இசைந்து போகவேண்டும் என்று தீர்மானித்தேன்.

இங்கே நம்மவர்கள் பலர் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. அமெரிக்கர்கள் பம்ப் பெற்றோலுக்கு எஞ்சின் கட்டுவதைப் பற்றி நிறையவே பேசுகிறார்கள். 91 அல்லது 93 பெற்றோலுக்கு 9.5 கொம்பிரஷன் தாங்கும் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு, நம்மிடம் இருப்பதும் 92தானே என்று நினைத்துவிடுகிறோம். அந்த இரண்டும் ஒரே எண்கள் அல்ல. நம் பம்பில் எழுதியிருப்பது ஆராய்ச்சி ஒக்டேன் எண். 92 விழுக்காடு ஐசோ ஒக்டேனும் 8 விழுக்காடு ஹெப்டேனும் கலந்த கலவை, அதற்கென்றே செய்யப்பட்ட சோதனை எஞ்சினில், நிமிடத்துக்கு 600 சுற்றில் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படி நடந்துகொள்ளும் பெற்றோல் என்பது அதன் பொருள். அதே சோதனையை 900 சுற்றில், கலவையைச் சூடாக்கிச் செய்தால் வரும் மோட்டார் ஒக்டேன் எண் வழக்கமாக எட்டு முதல் பத்து வரை குறைவாக இருக்கும். அமெரிக்க பம்பில் எழுதியிருப்பது இந்த இரண்டின் சராசரி. நம்முடைய 92 அந்தக் கணக்கில் ஏறத்தாழ 87தான், அதாவது அவர்களுடைய மிகச் சாதாரணப் பெற்றோல். அவர்களுடைய 91 நமது 95க்கும் சற்று மேலே நிற்கிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் 10க்கு மேல் கட்டி, பிறகு டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் கணத்தை, பின்னுக்கு இழுத்து இழுத்து உயிரில்லாமல் ஓட்டும் வண்டிகளை நான் கொழும்பில் கண்டிருக்கிறேன்.

கொம்பிரஷனைக் குறைத்தால் எஞ்சின் செத்துப்போகும் என்ற பயமும் பலரிடம் இருக்கிறது. பாடநூல் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், 10க்கும் 8.5க்கும் இடையில் வெப்பத்திறன் வேறுபாடு நூற்றுக்கு ஐந்தளவுதான். நூறு குதிரைவலு கொடுக்கும் எஞ்சினில் ஐந்து. மோசமான காபரேட்டர், நெருக்கமான சைலன்சர், சூடான காற்றை உறிஞ்சும் வடிகட்டி ஆகிய மூன்றும் சேர்ந்து அதைவிட அதிகமாகத் தின்றுவிடும். நொக் அடிக்கும் எஞ்சினில் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்தாலும் வலு போகத்தான் செய்யும். பெற்றோல் எவ்வளவு அமுக்கத்தைத் தாங்கும் என்பதை முறையாக ஆராய்ந்தவர் ஹரி ரிக்கார்டோ. முதல் உலகப் போருக்குப் பின் அவர், ஓடிக்கொண்டிருக்கும்போதே அமுக்க விகிதத்தை மாற்றக்கூடிய சோதனை எஞ்சின் ஒன்றைக் கட்டி, ஒவ்வொரு எரிபொருளுக்கும் பயன்தரக்கூடிய மிக உயர்ந்த விகிதம் எது என்று அளந்தார். எரிபொருளைப் போலவே எரி அறையின் வடிவமும் தட்டலைத் தீர்மானிக்கிறது என்பதையும் அவரே தம் எஞ்சின்களில் நடைமுறையாகக் காட்டினார். நான் படித்த காலத்தில் இதை வெறும் வரலாறாகப் படித்துக் கடந்துவிட்டேன். கடுகண்ணாவையில்தான் அது எனக்குப் பாடமானது.

முதல் தடவை கட்டியபோது விகிதத்தை இறக்கிய வழி மிகச் சுலபமானது. சிலிண்டர்களை அரை மில்லிமீற்றர் பெருக்கி 81 ஆக்கினோம். ஒவ்வொரு சிலிண்டரும் 376 சி.சி. ஆனது. பிறகு சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் இருக்கும் பிளொக்குக்கும் இடையில், வழக்கமாக இறுக்கியபின் 0.8 மில்லிமீற்றர் வரும் கஸ்கட்டுக்குப் பதிலாக 1.5 மில்லிமீற்றர் வரும் தடித்த கஸ்கட் போடப்பட்டது. எஞ்சினைக் கட்டியவர் பல ஆண்டு அனுபவமுள்ளவர், கை சுத்தமானவர், நான் கேட்டதைத்தான் செய்தார், கேட்டது நான். எப்படிக் குறைப்பது என்று ஒரு கணம்கூட யோசிக்காமல், எவ்வளவு குறைப்பது என்பதை மட்டும் நான் யோசித்திருந்தேன்.

கண்டியிலிருந்து திரும்பிய வாரம் பிளக்குகளைக் கழற்றினேன். முதலாவது, இரண்டாவது, நான்காவது பிளக்குகள் பிஸ்கட் நிறத்தில் நன்றாகவே இருந்தன. மூன்றாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூளைத் தூவினாற்போல் நுண்ணிய கறுப்புப் புள்ளிகள். உருப்பெருக்கும் கண்ணாடியை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பியபோது அந்தப் புள்ளிகளுக்கு நடுவே இரண்டு மூன்று மணிகள் வெள்ளியாய் மின்னின. அது அலுமினியம். பிஸ்டனின் தலையிலிருந்து உருகித் தெறித்து, பீங்கானில் ஒட்டி உறைந்த அலுமினியம். ஹெட்டைக் கழற்றிப் பிஸ்டனை வெளியே எடுத்தபோது, முதல் இரண்டு ரிங்குகளுக்கும் இடையிலுள்ள விளிம்பில் கால் அங்குல நீளத்துக்கு விரிசல். இன்னும் ஓர் ஏற்றம் ஏறியிருந்தால் அந்தத் துண்டு உடைந்து சிலிண்டர் சுவரை உழுதிருக்கும். நல்லகாலம், சுவரில் ஆழமான கீறல் இல்லை.

காரணம் தடித்த கஸ்கட்தான் என்று எனக்கு விளங்குவதற்குக் கொஞ்சம் காலம் பிடித்தது. இந்த ஹெட்டின் எரி அறை சிலிண்டரின் முழு வட்டத்தையும் நிரப்புவதில்லை. ஒரு பக்கம் குழிந்த அறை, மற்றப் பக்கம் தட்டையான உலோகம். பிஸ்டன் மேலே வந்து சேரும் கடைசிக் கணத்தில் அந்தத் தட்டைப் பகுதிக்கும் பிஸ்டனின் தலைக்கும் இடையில் அகப்பட்ட கலவை நசுக்கப்பட்டு, பிளக் இருக்கும் பக்கம் பீச்சியடிக்கப்படுகிறது. அந்தக் கொந்தளிப்பால் சுடர் விரைந்து பரவுகிறது. அங்கே எஞ்சி நிற்கும் மெல்லிய படலமோ இரண்டு பக்கமும் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதால் குளிர்ந்துவிடுகிறது. தானாகத் தீப்பற்ற அதற்குச் சூடு போதாது. தட்டல் என்பது சுடர் வந்து சேருமுன் மூலையில் கிடக்கும் கலவை தானாகவே வெடிப்பதுதானே. மூலையை இல்லாமல் செய்துவிட்டால் வெடிப்பதற்கு எதுவும் இல்லை. ஆனால் அந்த இடைவெளி 0.9 மில்லிமீற்றராக இருக்கும்போதுதான் இந்த வேலை நடக்கும். நான் 0.7 மில்லிமீற்றர் தடிப்பைக் கூட்டி அதை 1.6 ஆக்கிவிட்டேன். கலவையைப் பீச்சியடிக்க அது அதிக அகலம். ஆறவைக்கவும் அதிக அகலம். தானாகத் தீப்பற்றக் கூடிய கலவையைச் சேமித்து வைக்க மட்டும் போதுமான அகலம். அமுக்கத்தைக் குறைத்து நான் சம்பாதித்ததை விட, இடைவெளியைக் கூட்டி இழந்தது பெரிது.

ஆகவே இரண்டாம் தடவை, விகிதம் அதே 8.7ஆகவே இருக்கட்டும், ஆனால் அந்தக் கொள்ளளவைக் கஸ்கட்டிலிருந்து எடுக்காமல் பிஸ்டனின் தலையிலிருந்து எடுப்போம் என்று முடிவு செய்தேன். இதற்கு முதலில் எல்லாவற்றையும் அளக்கவேண்டும். அளக்காமல் கொம்பிரஷன் என்று ஓர் எண்ணைச் சொல்பவர்கள் ஊகத்தைத்தான் சொல்கிறார்கள்.

ஆய்வுகூடப் பொருட்கள் விற்கும் கடையொன்றில் 50 மில்லிலீற்றர் அளவி ஒன்றை வாங்கினேன். ஹெட்டைச் சாப்பாட்டு மேசையில் பழைய துணிமேல் கவிழ்த்து வைத்து, வால்வுகளையும் பிளக்கையும் பூட்டி, எரி அறையின் விளிம்பைச் சுற்றி மெல்லியதாகக் கிரீஸ் தடவி, நடுவில் சிறு துளையிட்ட பெர்ஸ்பெக்ஸ் தகட்டை அதன்மேல் அழுத்தினேன். நிறமூட்டிய மண்ணெண்ணெயை அளவியிலிருந்து துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்கவேண்டும். உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் என் மகள், முதல் தடவை நான் வாசித்ததைப் பார்த்துவிட்டு, "அப்பா, நின்றுகொண்டு மேலேயிருந்து பார்க்கிறீங்கள். கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவாங்கோ. பிறையுருவின் அடியைத்தான் வாசிக்கவேணும்" என்றாள். அதன்பின் அளவியை அவளே வாசித்தாள், நான் குமிழியைத் துரத்தினேன். தகட்டுக்கு அடியில் கடைசியாக நிற்கும் அந்தச் சிறு காற்றுக் குமிழி துளைக்கு வந்து வெளியேறும்வரை ஹெட்டை ஒரு பக்கம் இலேசாகச் சரிக்கவேண்டும்; குமிழி போன கணத்தில் அளவியை மூடவேண்டும். நான்கு அறைகளும் 33.6, 34.5, 32.9, 34.1 என்று வந்தன. மிகச் சிறியது மூன்றாவது. விரிசல் விட்டதும் அதே மூன்றாவதுதான். அதைக் கொப்பியில் எழுதிவிட்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

34.5 வந்த இரண்டாவதைத் தவிர மற்ற மூன்றையும் சிறு அரைக்கும் கல்லால் மெதுவாகத் தேய்த்து, கூர்மையான விளிம்புகளை உருட்டி, எல்லாவற்றையும் 34.5க்குக் கொண்டுவந்தேன். கூர்மையான விளிம்பு எங்கிருந்தாலும் அது செஞ்சூடாகி, பிளக் பொறி விடுமுன் தானே பொறியாகிவிடும். பிறகு கணக்கு. 376.2 சி.சி. சிலிண்டரில் 8.7 வேண்டுமென்றால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே 48.9 சி.சி. மிஞ்சவேண்டும். எரி அறை 34.5. மெல்லிய கஸ்கட்டுக்குள் 4.2. பிஸ்டன் பிளொக்கின் மட்டத்துக்கு 0.1 மில்லிமீற்றர் கீழே நிற்பதால் 0.5. மீதி 9.7 சி.சி. பிஸ்டனின் தலையிலுள்ள குழியில் இருக்கவேண்டும். பஞ்சிகாவத்தையில் வாங்கிய புதிய பிஸ்டன்களில் அளந்தபோது 6 சி.சி. குழி ஏற்கெனவே இருந்தது. இன்னும் 3.7 சி.சி. கடையவேண்டும்.

தெமட்டகொடையில் கடைச்சல் பட்டறை வைத்திருக்கும் அண்ணை ஒருவரிடம் பிஸ்டன்களைக் கொண்டுபோனேன். அவர் ஒன்றைக் கையில் எடுத்து, உள்ளே விரலைவிட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு எடுக்கவேணும் எண்டு பிறகு சொல்லும் தம்பி. முதல்ல எவ்வளவு கிடக்கு எண்டு பாப்பம்" என்றார். அந்தக் கேள்வியைத்தான் முதல் தடவை நான் கேட்டிருக்கவேண்டும். குழியின் நடுவில் தலையின் தடிப்பு 7.4 மில்லிமீற்றர். 60 மில்லிமீற்றர் விட்டத்துக்கு 3.7 சி.சி. எடுப்பதென்றால் ஆழம் 1.3 மில்லிமீற்றர், மிச்சம் 6.1. காற்றைத் திணிக்கும் டர்போ இல்லாத எஞ்சினுக்கு அது போதும் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். தட்டைப் பகுதிக்கு நேரெதிரே வரும் விளிம்பைத் தொடக்கூடாது என்பதை நான் பிஸ்டனின்மேல் பேனாவால் கோடிட்டுக் காட்டினேன், ஏனெனில் அந்த விளிம்புக்காகத்தான் இவ்வளவு பாடும். அவர் அவசரப்படவில்லை. லேத்தில் ஒவ்வொரு தடவையும் பத்திலொரு பங்கு மில்லிமீற்றருக்கு மேல் சீவாமல், அலுமினியம் நூல்நூலாகச் சுருண்டு விழ, நான்கையும் முடிக்கப் பிற்பகல் முழுவதும் எடுத்தார். ஒவ்வொரு பிஸ்டனும் பத்துக் கிராம் எடை குறைந்திருந்தது. தராசில் வைத்து நான்கையும் ஒரு கிராமுக்குள் சமப்படுத்தித் தந்தார்.

எஞ்சினைத் திரும்பப் பூட்டியபோது வால்வுகளைத் திறந்து மூடும் கேம், காபரேட்டர், டைமிங் மூன்றையும் வேண்டுமென்றே பழையபடியே வைத்தேன். இரண்டு மாதம் அப்படியே ஓட்டினேன், கடுகண்ணாவையிலும் அதே நான்காம் கியரில், அதே 92 பெற்றோலில் ஏறினேன். சத்தமில்லை. ஏறி முடித்ததும் வீதியோரம் நிறுத்தி, எஞ்சின் ஆறும்வரை தேநீர் குடித்துவிட்டு, மூன்றாவது பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பீங்கான் சுத்தமாக இருந்தது. விகிதம் அன்றும் 8.7, இன்றும் 8.7. வேறுபாடு கஸ்கட்டின் அந்த 0.7 மில்லிமீற்றரிலும், அளந்து சமப்படுத்திய நான்கு அறைகளிலும்தான் இருந்தது.

கேமைப் பற்றிச் சொல்லவேண்டியது கொஞ்சம் உண்டு, ஏனெனில் குறைந்த கொம்பிரஷன் எஞ்சின்கள் பெரும்பாலும் இங்கேதான் கெட்டுப்போகின்றன. கால் மைலுக்கென்றால் வால்வை 290 பாகை திறந்து வைக்கும் கேம் போடு, ஐட்லிங்கிலேயே துள்ளும் என்று நண்பர்கள் சொன்னார்கள். அந்தத் துள்ளல் எனக்கும் பிடிக்கும். ஆனால் உறிஞ்சு வால்வு மூடும்வரை அமுக்கம் தொடங்குவதில்லை. நீண்ட கேமில் பிஸ்டன் அடியைத் தொட்டுத் திரும்பி, கிராங் 70 பாகை சுழன்றபின்தான் அந்த வால்வு மூடுகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குள் பிஸ்டன் மேலே வந்துவிடுவதால் 73 மில்லிமீற்றரில் ஏறத்தாழ 54 மட்டுமே அமுக்குவதற்கு மிச்சமிருக்கும். தாளில் 8.7 என்றிருக்கும் விகிதம் உண்மையில் 6.7 ஆகிவிடும். 10.5 கொம்பிரஷன் உள்ள பந்தய எஞ்சின் அதைத் தாங்கும். என்னுடையது 4,000 சுற்றுக்குக் கீழே மூச்சுவிடவே சிரமப்பட்டிருக்கும், கொள்ளுப்பிட்டிச் சந்தியில் கிளச்சை எரித்துக்கொண்டு நின்றிருக்கும். 50 பாகையில் மூடும் மிதமான கேமில் 63 மில்லிமீற்றர் மிஞ்சுகிறது, உண்மை விகிதம் 7.7 வருகிறது. 256 பாகையில் கடைந்த கேம் ஒன்றைப் போட்டேன். நீளத்தைக் கூட்டாமல் வால்வு திறக்கும் உயரத்தை மட்டும் சற்றுக் கூட்டினேன். 2,000 சுற்றிலிருந்தே இழுக்கிறது.

காபரேட்டருக்கு வெபர் 32/36. இந்த எஞ்சினில் உறிஞ்சு குழாயும் புகைக் குழாயும் ஒரே பக்கத்தில் இருப்பதால், கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகும் வீதியின் நெரிசலில் அரைமணி நேரம் நின்றால் காபரேட்டர் கொதிக்கும். இடையில் ஒரு அலுமினியத் தகட்டை மறைப்பாக வைத்து, காற்றை முன் கிரில்லுக்குப் பின்னாலிருந்து ஒரு குழாயால் எடுத்தேன். கொழும்புக் காற்றின் ஈரத்தைப் பற்றியும் ஒன்று சொல்லலாம். 30 பாகை வெப்பத்தில் 80 விழுக்காடு ஈரப்பதம் என்றால் நாம் உறிஞ்சும் காற்றில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் நீராவி; அந்த அளவுக்கு ஒட்சிசன் குறைவு, வலுவும் குறைவு. ஆனால் அதே நீராவி எரிதலைச் சற்றுக் குளிர்வித்து நொக்கைத் தள்ளிப்போடுகிறது. ஆகவே கொழும்பில் மழை பெய்து ஓய்ந்த மாலையில் நொக் இல்லாமல் ஓடியதை வைத்து டைமிங்கை முடிவு செய்யக்கூடாது. நான் கடைசி டைமிங்கை வைத்தது வவுனியாவுக்கு அப்பால், வறண்ட காற்று வீசிய ஓகஸ்ட் மாத மதியமொன்றில்.

டிஸ்றிபியூட்டரை ஐட்லிங்கில் 10 பாகைக்கு வைத்து, முழு முன்னேற்றத்தை, அதாவது எஞ்சின் வேகமாகச் சுழலும்போது பொறி எவ்வளவு முன்னதாக வரும் என்பதை, 28 பாகையில் தொடங்கி இரண்டிரண்டாக ஏற்றினேன். குறைந்த கொம்பிரஷனில் கலவையின் அடர்த்தி குறைவு, எரிய நேரம் சற்று அதிகம் எடுக்கும், ஆகவே டைமிங்கைக் கொஞ்சம் முன்னதாகவே கேட்கும். 34 பாகையில் நல்ல இழுவை. 36இல் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்காத இடத்துக்கு ஏன் போகவேண்டும் என்று 34க்கே திரும்பி, அது 3,200 சுற்றில் முழுதாய் வரும்படி உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகளை மாற்றினேன். முழு மிதியில் காற்று-பெற்றோல் விகிதம் 12.7 வருமாறு ஜெட்களை அமைத்தேன். பிளக்கை ஒரு படி குளிர்ந்ததாக, அதாவது சூட்டை விரைவாக வெளியேற்றுவதாக, மாற்றினேன்.

பின் அச்சில் 4.3 விகிதமுள்ள பற்சக்கரத் தொகுதியைப் போட்டதுதான் செலவுக்கு மிக அதிகப் பலன் தந்த வேலை. யாழ்ப்பாணம் போகும்போது எஞ்சின் சற்று அதிகமாகச் சுழல்கிறது என்பது உண்மை, சத்தமும் கூடத்தான். ஆனால் முதல் இருபது மீற்றரில் வண்டி எழுந்து போகும் விதத்தை வேறெந்த மாற்றமும் தரவில்லை.

களுத்துறையை அடுத்த கட்டுக்குருந்தையில், இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படை அமைத்த விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவர் என் மாமா. வண்டி ஓடுவதைக் காது கொடுத்துக் கேட்கச் சொல்லித் தந்தவரும் அவர்தான். நான் கால் மைல் ஓடிய அன்று மாமாவும் வந்திருந்தார். பின் ரயர்களில் காற்றை 24க்கு இறக்கினேன், உதிரி ரயரையும் ஜக்கையும் இறக்கி அவர் பக்கத்தில் வைத்தேன். முதல் ஓட்டத்தில் ரயர்கள் சுழன்று 17.6 செக்கன். இரண்டாவதில் கிளச்சை 3,000 சுற்றில் விட்டு, 5,800இல் கியர் மாற்றி 17.3. மூன்றாவதில் இரண்டாம் கியரை அவசரப்படாமல் போட்டேன், 17.1. பக்கத்துப் பாதையில் ஓடிய டர்போ வண்டிகளுக்கு இது பெரிய நேரமே அல்ல. ஆனால் அவற்றுள் இரண்டு அன்று ஹெட் கஸ்கட்டை ஊதிவிட்டு லொறியில் ஏறின.

"மூண்டாவது பிளக்கைக் கழட்டு" என்றார் மாமா. கழற்றினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரல் நுனியால் பீங்கானைத் தொட்டார், ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார். அதைப் பூட்டி, உதிரி ரயரை உள்ளே வைத்து, பின் ரயர்களில் காற்றை 30க்கு ஏற்றிக்கொண்டு, வழியில் முதலில் கண்ட செட்டில் 92 அடித்து, இருட்டுமுன் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தோம்.